இடது பக்கப் பின்கதவு

தம்பி, எப்படிடா இருக்கிறாய்? அந்த இருமல் நின்றதா, இல்லை என்னோடு போனில் பேசும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொள்கிறாயா? கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்பா" என்பாய். நான் நம்ப மாட்டேன். முப்பது வருஷம் வாடகைக்குக் கார் ஓட்டியவன் நான். "நிதானமா போங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி ஏறுகிற ஆள்தான் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி வாசலில் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடுவான். வாயால் சொல்வது ஒன்று, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் தெரியும் முகம் ஒன்று. போனில் உன் முகம் தெரிவதில்லை, அதனால்தான் கேட்கிறேன். பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வெட்டிவிடுவாய் என்று எழுத உட்கார்ந்தேன். மூணாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, தடவித் தடவித்தான் படிக்க வேண்டும். இன்று காலையில் ஒரு ஆள் வீட்டுக்கு வரவேண்டும். அவர் வருகிறவரை எனக்கு வேறு வேலை இல்லை. யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ மீதியைப் படிக்க மாட்டாய்.

வைகாசியில் உன் கல்யாணம். பெண்ணை அழைத்து வருவது நம் பழைய அம்பாசிடரில்தான் என்று நீ பிடிவாதம் பிடித்தாயே, அதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே காட்டவில்லை. ஒன்பது வருஷமாகக் கொட்டகையில் நின்ற வண்டி. இஞ்சினையும் வெளித்தகரத்தையும் போன வருஷமே சரிபண்ணிவிட்டேன். மிச்சம் உள்வேலை. அதற்கு நீ ஒரு பட்டியல் அனுப்பினாய். முதலில் சீட், அப்புறம் கார்பெட், அப்புறம் கதவு அட்டை, அப்புறம் கூரைத் துணி, கடைசியில் வயரிங். படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதைப் போட்டுக் கொடுத்தவன் எவனோ காரில் ஏறியிருப்பானே தவிர, காருக்கு அடியில் படுத்திருக்க மாட்டான். சீட்டைப் புதிதாகத் தைத்துப் போட்டுவிட்டு அதன் மேல் நின்று கூரைக்குப் பசை தடவினால், பசை எங்கே சொட்டும்? கார்பெட்டை ஒட்டிய பிறகு வயர் இழுக்கிறவன் அதைக் கிழிக்காமல் எப்படி இழுப்பான்?

காருக்கு உள்ளே முதல் எதிரி தண்ணீர். அது எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது என்று பார்த்து அடைக்காமல் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது. அதற்கப்புறம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தரையில் துரு தின்ற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு வெல்டிங். வெல்டிங் முடிந்துதான் வயர், இல்லாவிட்டால் பொறி பட்டு எரியும். வயருக்குப் பிறகு கூரைத் துணி. அதன் ஓரத்தைக் கண்ணாடி ரப்பருக்கு அடியில் செருக வேண்டும், அதனால் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் துணிக்கு அப்புறம்தான். பிறகு டேஷ்போர்டு, கதவு அட்டை, கார்பெட். எல்லாரும் வேலை முடித்துக் கையைக் கழுவின பிறகு சீட். பந்தியில் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகுதானே சோறு வருகிறது? பாயசத்தை ஊற்றிவிட்டு யாராவது இலையைத் தேடுவார்களா?

அப்படித்தான் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தேன். உன் அம்மா வெளியே நின்று ஓஸ் பைப்பால் அடிக்க, நான் டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"எங்க ஒழுவுது?" என்று கேட்டாள்.

"முன் கண்ணாடி ஓரம்!"

"உங்க தலை மேல ஒழுவுதா?"

"ஒழுவுது, ஒழுவுது! நிறுத்து!"

"அப்ப சரியாத்தான் அடிக்கிறேன்" என்று இன்னும் கொஞ்ச நேரம் அடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த சந்தர்ப்பம், விடுவாளா? இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள். பைப்பை நிறுத்திய பிறகு மூன்று கதவுகளின் அடியிலிருந்தும் தண்ணீர் சொட்டிச் சொட்டி வடிந்தது. கதவுக்கு அடியில் அதற்கென்று ஓட்டை உண்டு. இடது பக்கப் பின்கதவில் மட்டும் ஒரு சொட்டுகூட வரவில்லை. உள்ளே எதுவோ ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி சட்டையைப் பிழியப் போய்விட்டேன்.

குஷன் வேலைக்கு வில்லியனூரிலிருந்து அந்தோணியைப் பிடித்தேன். நல்ல கை. ஆனால் நல்ல கை உள்ளவன் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம், மோசமான கைக்குத் திருடக்கூடத் தெரியாது. பழைய சீட்டின் ஸ்பிரிங் கெட்டி. அதை மாற்றிவிட்டு வேறு எதையாவது வைத்துத் தைத்துவிடுவானோ என்று ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். அவன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னாண்ணே, ஸ்பிரிங்குக்கெல்லாம் பொட்டு வச்சிருக்க? எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"உம்மேல இருக்குதுபா. உன் கடை மேலதான் இல்ல."

"கடைக்கு இன்னாண்ணே கையா இருக்குது எடுக்கிறதுக்கு?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றிய ஸ்குருவையெல்லாம் பவுடர் டப்பாவில் போட்டு, எந்த இடத்து ஸ்குரு என்று சீட்டு எழுதி, டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது ஒரு நாற்றம் வந்தது பார், அந்தோணி வெளியே ஓடிவிட்டான். நல்லவாட்டிலிருந்து ஒரு சம்பந்தி வீட்டுக்கு மீன்கூடை ஏற்றிப்போன நாற்றம் அது. கூடை ஒழுகாது என்று சத்தியம் பண்ணி ஏற்றினார்கள். அதற்கப்புறம் விரிப்பை எத்தனை தடவை கழுவினேன்! நீயோ உள்ளே செண்ட் டப்பா வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். மீன் நாற்றத்துக்கு மேல் செண்ட் அடித்தால், செண்ட் அடித்த மீன்தான் நாறும். அடியில் இருப்பதை எடுக்க வேண்டும்.

அடியில் இருப்பதை எடுக்க வேண்டும் என்று எழுதுகிறவன் என்ன செய்தான் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

போன வாரம் வலது பக்கப் பின்கதவின் அட்டையை அந்தோணி கழற்றினான். உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். புளியங்கொட்டை. டவுன் பஸ் டிக்கெட் மட்கி ஒட்டிக்கொண்ட உருண்டை. ஒரு சட்டைப் பொத்தான். ஹேர்பின். பால் புட்டி மூடி. மறுபடியும் புளியங்கொட்டை, ஒரு கைப்பிடி. கண்ணாடி ஏறி இறங்குகிற இடுக்கில் ரப்பர் தேய்ந்து அப்போதெல்லாம் ஒரு விரல் நுழையும். சின்னப்பிள்ளையில் உன்னைக் காரில் ஏற்றினால் சத்தமே இருக்காது. பிள்ளை சமத்து என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நீ கையில் கிடைத்ததையெல்லாம் அந்த இடுக்கில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அந்தோணிக்கு ஒரே சிரிப்பு. உன் அம்மா சிரிக்கவில்லை. முறத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாள். பால் புட்டி மூடியை முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, காருக்கு அந்தப் பக்கம் இருந்த இடது கதவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தோணியிடம், "இன்னிக்குப் போதும்பா. அந்த எடது கதவ கடைசியில பாத்துக்கலாம்" என்றேன்.

உனக்கு மாமா ஒருவர் இருக்கிறார் என்று தெரியும், மண்ணாடிப்பட்டுப் பக்கம். ஏன் போக்குவரத்து இல்லை என்று கேட்டபோதெல்லாம் "நெலத்தகராறு" என்று சொல்லி வைத்தேன். அது பொய். உன் அம்மாவும் அந்தப் பொய்யை மறுக்கவில்லை.

உனக்கு மூணு வயசில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும், தோடும் அவன்தான் எடுத்துவர வேண்டும். கலியமூர்த்தி, அதுதான் உன் மாமா பெயர், ஒரு ஜோடி கல் வைத்த கடுக்கன் எடுத்து வந்தான். கோயிலுக்குப் போகும் வழியில் நான் ஓட்ட, பின்சீட்டில் அவன் வலது பக்கம், உன் அம்மா இடது பக்கம், நீ அவள் மடியில் ஜன்னலோரம். பொட்டலத்தைப் பிரித்துத் தங்கச்சிக்குக் காட்டினான். அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். நீயும் கையை நீட்டினாய், எல்லாரும் சிரித்தோம். பொட்டலத்தை மடித்துக் கொடுத்தாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். கலியமூர்த்தியின் கை சட்டைப் பைக்குப் போனது, பொட்டலம் வேட்டி மடிப்புக்குப் போனது. வில்லியனூரில் பூ வாங்கப் போகிறேன் என்று இறங்கியவன் திரும்ப ரொம்ப நேரமானது. கோயிலில் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரே ஒரு கடுக்கன்.

காரைத் துழாவினோம், சீட்டைத் தூக்கினோம், இல்லை. ஒரு காதில் தங்கமும் ஒரு காதில் வேப்பங்குச்சியுமாக உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தோம். காதுகுத்துக்கு வந்திருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் தலை எரிந்தது. பூ வாங்க அவ்வளவு நேரமா, சட்டைப் பையில் எதைப் போட்டான் என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் மாரியம்மன் கோயில் வாசலில் அவனை நிறுத்தி, "எடுக்கலன்னா கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு" என்றேன். உன் அம்மா குறுக்கே வந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டேன். ஆமாம், தள்ளினேன். கலியமூர்த்தி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கையைக்கூட உதறவில்லை. சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினான். ஒரு வெற்றிலைப் பாக்குப் பொட்டலம். கட்டின வேட்டியோடு பஸ் ஏறிப் போனவன், அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்த வருஷமே கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்னால் நகர்ந்து, அவன் வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? பொய் சத்தியம், அம்மன் கேட்டுவிட்டாள் என்றார்கள். சொன்னவர்களில் நானும் ஒருவன். டீக்கடையில் நின்று, "நான் அப்பவே சொல்லல?" என்று சொன்னேன். உன் அம்மா அண்ணனைப் பார்க்கப் போகவேண்டும் என்று அழுதாள். திருடன் வீட்டுக்கு என் பெண்டாட்டி போகக் கூடாது என்றேன்.

கண்ணாடியில் எல்லாம் தெரியும் என்று நம்பி வாழ்ந்தவன் நான். அதில் பின்சீட்டில் இருப்பவன் முகம் தெரியும், கை தெரியும். கதவு தெரியாது. மடியில் இருக்கிற பிள்ளையின் கை கதவோரம் என்ன செய்கிறது என்று தெரியாது. நீ நாளைக்கு ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். பாதி தெரிகிற கண்ணாடியை வைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதே. நான் உனக்குச் சொல்லும் புத்தி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன். அந்த இடது கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி வெகு காலத்துக்கு முன்பே கெட்டுவிட்டது. மெக்கானிக் அட்டையைக் கழற்றிப் பார்க்கலாம் என்றான். நான் வேண்டாம் என்று கண்ணாடியை மேலே ஏற்றி மரத்துண்டால் ஆப்பு வைத்துவிட்டேன். அந்தக் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே சிணுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். லூஸ் ஸ்குரு என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னேன். மெக்கானிக் வீணாகக் காசு கேட்கிறான் என்றுதான் திறக்கவிடவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது என் மேலேயே எனக்குச் சந்தேகம். ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், அந்தச் சத்தத்தை மட்டும் ஏன் அப்படியே நம்பினேன்?

முந்தாநாள் அந்தோணி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். "கார்பெட்டுக்கு அளவு எடு" என்றேன், எடுக்கவில்லை.

"இன்னாண்ணே, தண்ணிதான் மொதல்லன்னு எனக்கே பாடம் எடுத்த. இந்தக் கதவுல தண்ணி நிக்குது. தட்டுனா குடம் மாதிரி சத்தம் வருது. இத்த வுட்டுட்டு மேல ஒட்டுனா, பொண்ணு அழைப்புல பொண்ணு கால்ல தண்ணி ஊத்தும். அப்ப யார் பேர் கெடும்? எம்பேரு. உள்ள இன்னாதான் ஒளிச்சு வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லபா. கடைசியில பாத்துக்கலாம்."

"ஸ்பிரிங்குக்குப் பொட்டு வச்ச ஆளு நீ. இப்ப நான் உனக்குப் பொட்டு வச்சுப் பாக்கணும் போல கீது" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே உன் அம்மா சொன்னாள். "தொறக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். உள்ள இருந்துச்சுன்னா ஒங்க தலை குனியணும். இல்லன்னா எங்கண்ணன் இன்னும் திருடன்தான். ரெண்டுல எதுனாலும் எனக்கு இன்னா ஆயிடப் போவுது?" குரலை உயர்த்தவே இல்லை. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதைத்தான் அன்றெல்லாம் யோசித்தேன். காருக்குள் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தெரிந்தவன் இதில் வரிசையைத் தப்பாகப் பிடித்திருக்கிறேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கடுக்கன் இருந்தால் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மன்னிப்பா? அது கடுக்கன் சொல்கிற சாட்சி. மன்னிப்புதான் முதல் வேலை, கதவு அதற்குப் பிறகு. நேற்றுக் காலையில் டவுன் பஸ் பிடித்து மண்ணாடிப்பட்டுக்குப் போனேன்.

கலியமூர்த்தி மோட்டார் கொட்டகை ஓரம் உட்கார்ந்து குழாய்க்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுசும் நரைத்துவிட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தெரிந்துகொண்டதும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா மாப்ள, கற்பூரம் எடுத்தாந்தியா?" என்றான்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன் வெறுங்காலைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தேன், கண் அங்கேதான் போனது.

"புள்ளைக்குக் கல்யாணம், தாய்மாமன் சீர் வேணும். அதான் வழி தெரிஞ்சுதா?"

"அதுவும் வேணும் மச்சான். ஆனா அதுக்கு வரல" என்று சொல்லி, வலது கதவில் கிடைத்த புளியங்கொட்டைக் கதையைச் சொன்னேன். ரப்பர் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"எடது கதவுல இருந்துச்சா?"

"இன்னும் தொறக்கல."

"தொறக்காமயா வந்த?"

"தொறந்து பாத்துட்டு வந்தா அது வேற. நீ எடுக்கல மச்சான். நான்தான் தப்பு."

"உள்ள இல்லன்னா?"

"இல்லன்னாலும் நீ எடுக்கல."

அவன் ரப்பரை மறுபடியும் சுற்றத் தொடங்கினான். பிறகு, "இத்த சொல்றதுக்கு உனக்கு இருபத்து நாலு வருசம்" என்றான். என்னை உட்காரச் சொல்லவில்லை, ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. அது நியாயம்தான். நான் திரும்பி வரப்புக்கு வந்துவிட்டேன், பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "மாப்ள! தனியா தொறக்காத. தொறந்து ஒண்ணும் இல்லன்னா உன் புத்தி பழைய எடத்துக்கே போவும். எனக்கு உன்னத் தெரியும். நாளைக்குக் காலையில நான் வரேன். கதவ நான் பாக்க வேணாம். தொறக்கும்போது உன் மூஞ்சிய பாக்கணும்." ரோட்டைப் பார்த்து, "இந்த பஸ்ஸ வுட்டா அடுத்தது ரொம்ப நேரம் கழிச்சுத்தான். ஓடு" என்றான்.

அவன் என்னைச் சந்தேகப்படுகிறான் பார், தம்பி. பட வேண்டியதுதான். எனக்கே என் மேல் இன்னும் முழு நம்பிக்கை இல்லை. பஸ்ஸில் வரும்போதே, உள்ளே உண்மையில் இல்லாமல் போனால் என்ன செய்வது, அந்த வில்லியனூர் பூக்கடை, என்று மனசு பழைய தடத்தில் சக்கரத்தை இறக்கப் பார்த்தது. பிடித்து இழுத்து நிறுத்தினேன். இன்றும் நிறுத்த வேண்டியிருக்கும், நாளைக்கும். உன் அம்மாவிடம் நேற்றே வந்து சொல்லிவிட்டேன். இன்று விடிந்ததிலிருந்து வாசலை இரண்டு தடவை கூட்டிவிட்டாள். அந்தோணிக்கும் போன் போட்டு வரச்சொல்லிவிட்டாள். அவன் கொட்டகையில் ஸ்குரு டிரைவரைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான்.

அடுத்த வாரம் நீ வரும்போது ஒன்று செய். வந்ததும் காரைப் பார்க்கக் கொட்டகைக்கு ஓடாதே. சீட் என்ன கலர், கூரை எப்படி என்பதையெல்லாம் அப்புறம் பார். நீ நேராக மண்ணாடிப்பட்டுக்குப் போ. அங்கே போய் உட்கார்ந்து, உன் காதைக் காட்டி,

இரு, ஆட்டோ சத்தம் கேட்கிறது. உன் அம்மா வாசலிலிருந்து கூப்பிடுகிறாள்: "இன்னாங்க! எங்கண்ணன் வந்துட்டாரு! எழுதுனது போதும், எழுந்து வாங்க!" எங்கண்ணன் என்று அவள் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லி இருபத்து நாலு வருஷம் ஆகிறது, தம்பி. உள்ளே கடுக்கன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நீ மட்டும் மாமாவிடம் போய் முதலில் மன்னிப்பு